உலாவியில் தங்கும் அடையாள வில்லை

பெங்களூர் நகரின் தெற்கே, ஓசூருக்குச் செல்லும் பெருவழியில், மத்தியப் பட்டு வாரியச் சந்திப்பைக் கடந்ததும் பொம்மனஹள்ளி வருகின்றது. தனி நகராட்சியாக இருந்த இவ்வூர் 2007-ஆம் ஆண்டில் பெங்களூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் வேலை செய்யும் பெண்கள் ஏராளமானோர் இங்கும் இதன் சுற்றுப்புறங்களிலும் வசிக்கின்றனர். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி இவர்களுடைய வாழ்க்கையில் எத்தகைய இடத்தைப் பெற்றிருக்கிறது என்பதை 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் நாடு கண்டது. நிதியிலிருந்து பணம் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் புதிய விதியொன்றை எதிர்த்து, ஆயிரக்கணக்கான பெண்கள் ஓசூர் சாலையில் இறங்கிப் போக்குவரத்தை நிறுத்தினர். 19-ஆம் தேதியன்றே மத்திய அரசாங்கம் அவ்விதியைக் கைவிட்டது.

அந்த வைப்பு நிதிக் கணக்கைப் பார்ப்பதற்கு இன்று எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டுவதில்லை. தெருமுனையில் உள்ள கணினி மையத்திலேயே பார்க்கலாம், கைபேசியிலும் பார்க்கலாம். கணினி மையத்துக்கு ஒரு பெண்மணி வருவதாக வைத்துக்கொள்வோம். கணக்கு எண்ணையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே சென்று, இருப்பைப் பார்த்து, அச்சிட்ட தாளைப் பெற்றுக்கொண்டு எழுந்து போகின்றார். பக்கத்தை மூடினாரேயன்றி, வெளியேறுவதற்குரிய பொத்தானை அழுத்தவில்லை. அடுத்து அமர்பவர் அதே தளத்தைத் திறக்கின்றார். இடையில் அதிக நேரம் கழிந்திராவிட்டால், கடவுச்சொல் எதுவும் கேட்காமலே முன்னவருடைய கணக்கு இவர் கண்முன் விரிந்துவிடக் கூடும். பணத்தைப் பெறுவதற்கு வேறு சோதனைகள் உண்டு என்றாலும், பெயர், பிறந்த தேதி, வேலை செய்த இடம், சேர்ந்துள்ள தொகை ஆகிய யாவும் அயலாருக்குத் தெரிந்துவிடுகின்றன.

கணிப்பொறி அந்தப் பெண்மணியின் முகத்தைக் கண்டதில்லை. அவர் எழுந்து போனதையும் அது அறியாது. பின், யாரோ ஒருவரை அவர் என்று அது எண்ணிக்கொள்வது எவ்வாறு? இதற்கு விடை, குக்கி என்று வழங்கப்படும் ஒரு சிறு குறிப்பில் இருக்கின்றது. தமிழில் இதனை நினைவி என்று சிலர் மொழிபெயர்த்துள்ளனர். பொருத்தமான சொல்தான், ஆயினும் திரையில் பெரும்பாலும் குக்கி என்றே காணப்படுவதால் இக்கட்டுரையிலும் அச்சொல்லே ஆளப்படுகின்றது.

வலைத்தளங்கள் இயற்கையில் மறதி உடையவை. பிரிட்டிஷ் விஞ்ஞானியான டிம் பெர்னர்ஸ்-லீ, ஜினீவாவுக்கு அருகில் உள்ள ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில் 1989 முதல் 1991 வரை உலகளாவிய வலையை அமைத்தபோது, அது ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்ளும் சாதனமாகவே இருந்தது. ஒரு கணிப்பொறி ஒரு பக்கத்தைக் கேட்கும். தளத்தின் சர்வர் அதை அனுப்பும். அத்துடன் இருவர்க்கும் உள்ள தொடர்பு தீர்ந்தது. அடுத்த நொடியில் அதே கணிப்பொறி இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும், சர்வர் அதனைப் புதிய ஆளாகவே நடத்தும். கட்டுரை படிப்பதற்கு இது போதும். கடை வைப்பதற்குப் போதாது. ஒரு பக்கத்தில் புடவையைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கத்தில் பணம் செலுத்தப் போகும் வாடிக்கையாளரைக் கடைக்காரர் அதற்குள் மறந்துவிட்டால் வியாபாரம் நடப்பது எங்ஙனம்?

1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் கம்பெனியில் பணியாற்றிய லூ மொண்டுல்லி என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். எம்.சி.ஐ. என்னும் தொலைபேசிக் கம்பெனி வலையில் வியாபாரம் செய்ய விரும்பிற்று. ஆனால் பாதியில் நிற்கும் கொடுக்கல் வாங்கல்களின் விவரத்தைத் தன் சர்வரில் சேர்த்து வைத்துக்கொள்ள அதற்கு விருப்பமில்லை. அவ்விவரத்தை வாடிக்கையாளரின் உலாவியிலேயே வைத்துவிடலாம் என்பது மொண்டுல்லியின் யோசனை. குக்கி என்ற பெயர் அவர் புதிதாகச் சூட்டியதன்று. ஒரு நிரலிடமிருந்து மற்றொரு நிரல் பெற்று, உட்பொருளை ஆராயாமல் அப்படியே திருப்பிக் கொடுக்கும் சிறு குறிப்புக்கு யூனிக்ஸ் நிரலாளர்கள் முன்னரே வழங்கி வந்த பெயர் அது.

முன்னாளில் பாங்குகளில் பணம் பெற வருவோரிடம் காசோலையை வாங்கிக்கொண்டு, எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றைக் கொடுப்பது வழக்கம். கோயில் வாசலில் பாதரட்சைகளைக் காப்பவரும் அத்தகைய வில்லை தருவதுண்டு. வில்லையில் எவருடைய பெயரும் இல்லை. எண் மட்டுமே உள்ளது. அந்த எண்ணுக்கு உரிய விவரம் கொடுத்தவரிடம் இருக்கின்றது. வில்லையை யார் நீட்டுகின்றாரோ அவரே உரியவர் எனக் கொள்ளப்படுவார். குக்கியும் பெரும்பாலும் இத்தகையதே. தளம் முதன்முறை பக்கத்தை அனுப்பும்போது, ஓர் எண்ணையும் உடன் அனுப்பி, இதனை வைத்திரு என்று உலாவிக்குச் சொல்கின்றது. பின்னர் அத்தளத்திடம் எதைக் கேட்டாலும் உலாவி அந்த எண்ணையும் சேர்த்தே நீட்டுகின்றது. கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்தபின் ஒவ்வொரு பக்கத்திலும் கொடுக்க வேண்டியிராமல் இருப்பது இதனாலேதான். பொம்மனஹள்ளிப் பெண்மணி பக்கத்தை மூடியபோது, வில்லை உலாவியிலேயே தங்கிவிட்டது, அடுத்தவர் அறியாமலே அதனை நீட்டினார், தளம் ஏற்றுக்கொண்டது. வெளியேறும் பொத்தானை அழுத்தியிருந்தால், அந்த வில்லை செல்லாது என்று சர்வரின் பதிவேட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். பக்கத்தை மூடுவதற்கும் வெளியேறுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. களப் பணியாளர்கள் கிராம மக்களுக்கு ஒன்றை மட்டுமே எடுத்துச் சொல்ல அவகாசம் உண்டாயின், இதனைச் சொன்னால் போதும்.

எண் மட்டுமன்றி, செய்தியையே சுமக்கும் குக்கிகளும் உண்டு. தமிழில் காட்டு, எழுத்தைப் பெரிதாக்கு போன்ற விருப்பங்கள் அவ்வாறு எழுதப்படுகின்றன. இவற்றை வில்லை என்பதைவிடக் குடும்ப அட்டை போன்றவை என்னலாம். பதிவு அட்டையிலேயே இருக்கும். எவ்வகையாயினும் ஒரு குக்கியின் அளவு ஏறத்தாழ 4,096 பைட்டுகளுக்கு மேற்படாது. அது வெறும் எழுத்துத் தொடர், நிரல் அன்று. தானாக இயங்காது, நச்சு நிரல் போலப் பெருகாது. ஒரு தளம் வைத்ததை வேறொரு தளம் படிக்கவும் உலாவி இடம் கொடுப்பதில்லை. பேருந்துச் சீட்டு விற்கும் தளம் பாங்கின் குக்கியைப் பார்த்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் கணிப்பொறியில் புகுந்த திருட்டு நிரல் உலாவியின் சேமிப்பிலிருந்து குக்கிகளைக் களவாடி வேறிடத்துக்கு அனுப்பக்கூடும். அவ்வாறு போன வில்லையைக் கொண்டு, கடவுச்சொல் இல்லாமலே கணக்கில் நுழைவதும் இயலும். இலவசம் என்று கிடைக்கும் எந்த நிரலையும் பொதுக் கணிப்பொறிகளில் நிறுவலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயுள் நோக்கிலும் குக்கிகள் இரு வகைப்படும். உலாவியை முழுவதும் மூடியவுடன் மறைய வேண்டியவை ஒரு வகை. குறித்த தேதி வரை நிலைப்பவை மற்றொரு வகை. குரோம் உலாவி 2022-ஆம் ஆண்டிலிருந்து எந்தக் குக்கியையும் 400 நாட்களுக்கு மேல் நிலைக்க விடுவதில்லை. எனினும் தளத்துக்கு மீண்டும் செல்லும்போது தவணை புதுப்பிக்கப்படலாம். முதல் வகையிலும் ஒரு நுட்பம் உண்டு. விட்ட இடத்திலிருந்து தொடர்க என்று உலாவியில் அமைத்திருந்தால், மூடியபின்னும் அவை மறையாமல் மறுமுறை உயிர் பெற்று எழும். கணினி மையங்களில் சௌகரியம் கருதி இவ்வாறு அமைத்துவைப்பது நல்லதன்று.

இதுவரை கூறியவை வாடிக்கையாளருக்கும் அவர் விரும்பிச் சென்ற தளத்துக்கும் இடைப்பட்டவை. தொல்லை மூன்றாம் ஆளால் வருகின்றது. தீபாவளிக்குச் சேலம் போக ஒருவர் பேருந்துச் சீட்டு விலையைப் பார்க்கின்றார். சீட்டு வாங்கவில்லை. சிறிது நேரம் கழித்துச் சமையற் குறிப்புத் தளம் ஒன்றைத் திறந்தால், அங்கே சேலம் பேருந்து விளம்பரம் நிற்கின்றது. பேருந்துக் கம்பெனி சமையற் குறிப்புக்காரரிடம் சொல்லிக் கொடுத்தது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. ஒரு பக்கத்தின் பகுதிகள் யாவும் ஒரே சர்வரிலிருந்து வருவதில்லை. செய்தி ஒரு சர்வரிலிருந்தும், விளம்பரம் வேறொரு சர்வரிலிருந்தும் வரும். பேருந்துத் தளத்திலும் சமையற் தளத்திலும் ஒரே விளம்பரக் கம்பெனியின் துண்டு பதிக்கப்பட்டிருந்தால், இரண்டு இடங்களிலும் உலாவி அந்தக் கம்பெனியிடம் அதே வில்லையை நீட்டுகின்றது. எந்தப் பக்கத்திலிருந்து நீட்டப்பட்டது என்பதும் கம்பெனிக்குத் தெரிகின்றது. பல்லாயிரம் தளங்களில் இத்துண்டு பதிந்திருக்குமாயின், அந்த எண்ணுக்கு உரியவர் காலையில் படித்த செய்தி, நண்பகலில் விசாரித்த மருந்து, மாலையில் தேடிய வேலை ஆகியவை ஒரே பட்டியலில் சேர்கின்றன. பெயர் அதில் இல்லாமலிருக்கலாம். ஆனால் அதே கம்பெனியின் மின்னஞ்சலிலோ வேறு சேவையிலோ அவர் பெயர் கொடுத்து நுழைந்திருந்தால், எண்ணும் பெயரும் ஒன்றாகிவிட வழியுண்டு.

மொண்டுல்லி இத்தகைய பின்தொடர்தலை விரும்பியவர் அல்லர். ஒவ்வோர் உலாவிக்கும் ஒரு நிலையான எண்ணைக் கொடுத்துவிடலாம் என்ற எளிய வழியை அவர் எண்ணிப் பார்த்து, எல்லாத் தளங்களும் ஒருவரைத் தொடர அது இடம் தரும் என்பதாலேயே விலக்கினார். ஒரு தளத்தின் குக்கி அத்தளத்துக்கே என்ற விதி அப்படிப் பிறந்ததுதான். விளம்பரக் கம்பெனிகளோ எல்லாத் தளங்களிலும் தாமே ஒரு துண்டு நிலம் வாங்கிக்கொண்டு அவ்விதியை முறியாமலே கடந்துவிட்டன. 1996 பிப்ரவரியில் லண்டன் பைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை குக்கியைப் பற்றி எழுதிய பின்னரே பொதுமக்கள் இப்படி ஒன்று இருப்பதை அறிந்தனர். அதுவரை ஓராண்டுக்கு மேலான காலம், எவரையும் கேளாமல், உலாவிகள் அதனைச் சேமித்து வந்தன.

1997 பிப்ரவரியில் இணையப் பொறியியல் பணிக்குழு குக்கிக்கான முதல் நியமத்தை வெளியிட்டது. டேவிட் கிறிஸ்டலும் மொண்டுல்லியும் அதனை எழுதினர். மூன்றாம் ஆளின் குக்கியை, பயனர் இசைந்தாலன்றி, உலாவி ஏற்கலாகாது என்பது அதன் கருத்து. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாப்டும் அதனைப் பின்பற்றவில்லை. அப்போது பின்பற்றியிருந்தால், இன்று உலகெங்கும் தளங்களின் வாசலில் நிற்கும் சம்மதப் பலகைகளில் பெரும்பாலானவை தேவைப்பட்டிரா. ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில் பயர்பாக்ஸ் உலாவி, அறியப்பட்ட பின்தொடரும் குக்கிகளைத் தானே தடுக்கத் தொடங்கிற்று. 2020 மார்ச்சில் ஆப்பிளின் சபாரி மூன்றாம் ஆளின் குக்கிகளை முற்றிலும் தடுத்தது. கூகிள் 2020 ஜனவரியில், இரண்டு ஆண்டுகளில் குரோமிலிருந்து அவற்றை நீக்கிவிடப் போவதாக அறிவித்து, பலமுறை தவணை தள்ளி, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. குரோம் வைத்திருப்போர் தாமே அமைப்பினுள் சென்று தடுத்துக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

சம்மதப் பலகைகள் ஐரோப்பாவில் தோன்றியவை. 2009-இல் திருத்தப்பட்ட அவர்களுடைய சட்டம், தளத்தின் இயக்கத்துக்கு இன்றியமையாத குக்கிகள் நீங்கலாக மற்றவற்றுக்கு முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும் என்றது. முன்னரே குறியிட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபர் 1-ஆம் தேதி தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரே சொடுக்கு, மறுப்பதற்குப் பல சொடுக்கு என்று அமைத்திருந்ததற்காகப் பிரான்ஸ் நாட்டின் தரவுக் காப்பு ஆணையம் கூகிளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்து, 2022 ஜனவரியில் அறிவித்தது. பலகையில் ஏற்கும் பொத்தான் பெரிதாகவும் நிறமுடையதாகவும், மறுக்கும் பொத்தான் மங்கிய எழுத்திலும் இருப்பது தற்செயல் அன்று என்பதை இவ்வழக்கிலிருந்து அறியலாம். நம் நாட்டிலும் இத்தகைய ஏமாற்று அமைப்புக்களைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, பதின்மூன்று வகைகளைப் பெயர் சுட்டிக் குறிப்பிட்டது.

இந்தியாவில் அந்தரங்கம் பற்றிய சட்ட வரலாற்றுக்கும் பெங்களூருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்று இந்நகரில் வாழ்ந்த கே. எஸ். புட்டசாமி, 2012-ஆம் ஆண்டில் ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அவ்வழக்கிலிருந்து எழுந்த கேள்வியை ஒன்பது நீதிபதிகள் விசாரித்து, அந்தரங்கம் அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். புட்டசாமி 2024-இல் காலமானார். தீர்ப்பை அடுத்து நெடிய விவாதங்களுக்குப் பின், எண்முறைத் தனிநபர் தரவுக் காப்புச் சட்டம் 2023 ஆகஸ்டு 11-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன.

இச்சட்டத்தில் குக்கி என்ற சொல் வரவில்லை. ஆயினும் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய தரவு அனைத்தும் இதில் அடங்குமாதலால், பெயரோடு பிணைந்த குக்கியும் அடங்கும். சம்மதம் தடையற்றதாகவும், குறித்த நோக்கத்துக்கானதாகவும், விவரம் அறிந்து, தெளிவான செயலால் தரப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் உரிமையும் உண்டு. ஆகவே தமிழில் கேட்பது சலுகை அன்று. ஆசிரியர்கள் அறிய வேண்டிய பிரிவு ஒன்பதாவது. பதினெட்டு வயது நிறையாதோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் தேவை என்றும், குழந்தைகளைப் பின்தொடர்வதும் அவர்களை நோக்கி விளம்பரம் செலுத்துவதும் கூடாது என்றும் அது கூறுகின்றது. கல்வி நிலையங்களுக்குச் சில விலக்குகள் விதிகளில் தரப்பட்டுள்ளன. அவை கல்விப் பணிக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் உட்பட்டவை. மாணவர்களை இலவசப் பயிற்சித் தளங்களில் சேர்க்குமுன் ஆசிரியர் இதை எண்ணிப் பார்த்தல் நலம்.

சட்டம் தன் வேலையைச் செய்யுமுன் பயனர் தாமே செய்துகொள்ளக் கூடியவை பல உண்டு. எல்லா உலாவிகளிலும் அமைப்புகள் என்ற பகுதியில் அந்தரங்கம் அல்லது பாதுகாப்பு என்ற தலைப்பின்கீழ், மூன்றாம் ஆளின் குக்கிகளைத் தடுக்கும் வசதி உள்ளது. இதனை ஒருமுறை அமைத்துவிட்டால் பெரும்பாலான தளங்கள் வழக்கம்போலவே இயங்கும். எல்லாக் குக்கிகளையும் தடுப்பது வேறு. அப்படிச் செய்தால் பாங்கும் வைப்பு நிதியும் உள்ளேயே விடமாட்டா. மருந்தைவிட நோயே மேல் என்று தோன்றிவிடும். ஏற்கனவே சேர்ந்தவற்றை அதே பகுதியில் அழிக்கலாம். ஒரு தளத்துக்கு உரியதை மட்டும் அழிப்பதும் இயலும். அழித்தபின் எல்லாத் தளங்களிலும் மீண்டும் கடவுச்சொல் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், கடவுச்சொல்லை மறந்தவர்கள் முதலில் அதனைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

இங்கே ஒரு விசித்திரத்தையும் குறிப்பிட வேண்டும். சம்மதப் பலகையில் ஒருவர் மறுத்தால், அவர் மறுத்தார் என்பதையும் தளம் ஒரு குக்கியில்தான் எழுதி வைக்கின்றது. எல்லாவற்றையும் அழிப்பவருடைய மறுப்பும் அழிந்துவிடும். பலகை மறுபடி வந்து நிற்கும்.

அழிப்பதற்கும் எல்லை உண்டு. வில்லையை எறிந்தால், கொடுத்தவருடைய பதிவேட்டில் உள்ளது அழிந்துபோவதில்லை. புதிய வருகையை அதனோடு இணைக்கும் வழிதான் அறுபடுகின்றது. குக்கியே இல்லாமல், திரையின் அளவு, எழுத்துருக்கள், உலாவியின் பதிப்பு முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்து, கைரேகை காண்பதுபோல ஒரு கணிப்பொறியை இனங்காணும் முறைகளும் உள்ளன. கைபேசிச் செயலிகள் குக்கிக்குப் பதில் விளம்பர அடையாள எண் ஒன்றைப் பயன்படுத்துகின்றன. அதனைக் கைபேசியின் அமைப்பிலேயே நீக்கவோ மாற்றவோ வேண்டும்.

வகுப்பில் இதனைச் செய்து காட்டுவது கடினமன்று. கணிப்பொறியில் எப்12 விசையை அழுத்தினால் உலாவியின் ஆய்வுப் பகுதி திறக்கும். பயர்பாக்ஸில் சேமிப்பு என்ற பிரிவிலும், குரோமில் செயலி என்ற பொருள்படும் பிரிவிலும் குக்கிகள் அட்டவணையாகக் காணப்படும். பெயர், மதிப்பு, எந்தத் தளத்துக்கு உரியது, எந்தத் தேதியில் காலாவதியாகும் என்பன வரிசையாக நிற்கும். ஒரு கடைத் தளத்தில் பெயர் கொடுத்து நுழையாமலே ஏதேனும் பொருளைக் கூடையில் இடச் செய்து, பின் அத்தளத்துக்கு உரிய தரவு முழுவதையும் அழித்துப் பக்கத்தைப் புதுப்பிக்கச் சொன்னால், கூடை காலியாகக் கிடப்பதை மாணவர் காண்பர். செய்தித் தளம் ஒன்றைத் திறந்து, அத்தளத்தின் பெயரல்லாத வேறு பெயர்கள் எத்தனை வந்துள்ளன என்று எண்ணச் சொன்னால் மூன்றாம் ஆள் யார் என்பது நீண்ட விளக்கமின்றியே விளங்கும். இச்சோதனையை ஆசிரியர் தம் சொந்த மின்னஞ்சல் திறந்துள்ள உலாவியில் நடத்தலாகாது; அட்டவணையில் தோன்றும் எண்களைப் பிறர் படமெடுத்துக்கொள்ள இடமுண்டு.

பொதுக் கணிப்பொறியைப் பயன்படுத்துவோருக்கு உலாவியிலுள்ள தனிச் சாளரம் மிக உதவியானது. அதில் செய்த வேலைக்கு உரிய குக்கிகள், தனிச் சாளரங்கள் யாவும் மூடப்பட்டதும் நீங்கிவிடும். யாவும் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு தனிச் சாளரங்கள் திறந்திருந்து ஒன்றை மட்டும் மூடினால், மற்றதில் வில்லை உயிரோடிருக்கும். இறக்கிய கோப்புக்களையும் அது நீக்குவதில்லை. வைப்பு நிதிப் புத்தகத்தின் நகல் கணினி மையத்தின் கோப்பறையில் கிடப்பது இவ்வாறே. தளத்தினரும் இணைப்புத் தருபவரும் காண்பதை அது மறைப்பதும் இல்லை.

கணினி மையம் நடத்துவோர் விரும்பினால் வாடிக்கையாளரின் நினைவை நம்பியிராமல் தாமே ஏற்பாடு செய்யலாம். உலாவியை மூடும்போதெல்லாம் குக்கிகளும் வரலாறும் நீங்குமாறு அமைக்கும் வசதி உண்டு. குரோமில் விருந்தினர் முறை என்று ஒன்று உள்ளது. ஒவ்வொருவருக்கும் அதனைத் திறந்து கொடுத்து, அவர் எழுந்ததும் மூடினால், முன்னவருடைய சுவடு பின்னவருக்குக் கிட்டாது. நாள்தோறும் வரும் வாடிக்கையாளர்கள், மின்னஞ்சல் முகவரியை ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறதே என்று குறைப்படுவதுண்டு. அவர்களுக்கு வேண்டுமாயின், முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். கடவுச்சொல்லை அதே சீட்டில் எழுதலாகாது.